எது முதலில் உடைய வேண்டும்? ஆர்.சி. ட்ரக்கை நெடுநாள் ஓட வைப்பது குறித்து

கடையில் கிடைக்கும் ரிமோட் பொம்மைக்கும், ஹாபி கிரேடு என்று சொல்லப்படும் ஆர்.சி. (ரேடியோ கட்டுப்பாட்டு) ட்ரக்குக்கும் உள்ள வேறுபாடு வேகத்தில் இருப்பதாகவே பலர் எண்ணுகிறார்கள். அடிப்படையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. பொம்மையில் ஒரு பற்சக்கரம் உடைந்தால் பொம்மையின் ஆயுளே முடிந்துவிடும். ஹாபி கிரேடு வண்டியில் ஒவ்வொரு பற்சக்கரத்துக்கும், ஒவ்வொரு பேரிங்குக்கும், ஒவ்வொரு திருகுக்கும் தனி எண் உண்டு. கழற்றலாம், மாற்றலாம், வேறொரு தயாரிப்பாளரின் பாகத்தைக்கூடப் பொருத்தலாம். டமியா நிறுவனம் 1979இல் சாண்ட் ஸ்கார்ச்சரை வெளியிட்ட காலத்திலிருந்து, டீம் அசோசியேட்டட் 1984இல் கொண்டுவந்த ஆர்சி10, ட்ராக்ஸஸ் 2008இல் கொண்டுவந்த ஸ்லாஷ் வரை, இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்ததற்கு இந்தத் தன்மையே அடித்தளம். ஆனால் எதையும் மாற்றலாம் என்ற இதே வசதிதான், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை அடிக்கடி பழுதாகும் வண்டியாக மாற்றிவிடவும் செய்கிறது. அது எப்படி நேர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், எந்த பாகத்தை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

தொழிற்சாலையிலிருந்து வரும் 1/10 அளவு (அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு) ட்ரக் ஒன்றைக் கவனமாகப் பிரித்துப் பார்த்தால், அதன் வடிவமைப்பாளர் ஒரு வரிசையை மனத்தில் வைத்திருந்தது தெரியவரும். மோதல் நேர்ந்தால் எது முதலில் வளைய வேண்டும், வளைந்தும் தாங்காவிட்டால் எது உடைய வேண்டும், எது எந்நிலையிலும் உடையக் கூடாது என்பதே அந்த வரிசை. விலை குறைந்த, நான்கு திருகுகளைக் கழற்றினால் வெளியே வந்துவிடும் பாகம் முதலில் பலியாக வேண்டும். முழு வண்டியையும் பிரித்தால்தான் மாற்ற முடியும் என்ற பாகம் கடைசிவரை காப்பாற்றப்பட வேண்டும். உடைந்த பாகத்தைப் பார்த்ததும் 'இது பலவீனமானது, இதை உலோகத்தில் வாங்கிப் போட வேண்டும்' என்று முடிவு செய்பவர், தெரியாமலே இந்த வரிசையைக் குலைத்துவிடுகிறார். விசை மறைந்துவிடுவதில்லை. அடுத்த கண்ணிக்குப் போகிறது.

அந்த விசை எவ்வளவு என்பதையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. புதிதாக வாங்கியவர்கள் செய்யும் முதல் மாற்றம் பெரும்பாலும் பேட்டரிதான். இரண்டு செல் லைப்போவுக்கு (லித்தியம்-பாலிமர் பேட்டரிக்கு) பதிலாக மூன்று செல் லைப்போவைப் போடுகிறார்கள். மின்னழுத்தம் ஒன்றரை மடங்காகிறது. பற்சக்கர விகிதத்தை மாற்றாவிட்டால் உச்ச வேகமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மோதும்போது வண்டி சுமந்துவரும் ஆற்றல் இரண்டேகால் மடங்காகிவிடுகிறது. இரண்டரை கிலோ எடையுள்ள ட்ரக் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, அதை ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் போடுவதற்குச் சமம். அதே ட்ரக் 75 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், 22 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்ததற்குச் சமம். மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து பிழைக்கும்படி வடிவமைத்த பாகங்களை ஏழாம் மாடியிலிருந்து போடுகிறோம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆகவே நம்பகத்தன்மைக்காக ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம், ஒரு பாகமும் வாங்காமல், கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டிலின் (வேகக் கட்டுப்பாட்டின்) உச்ச அளவைக் குறைத்து வைப்பதே. புதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் வண்டியைக் கொடுக்கும்போது 50 சதவீதத்தில் வைத்துக் கொடுத்தால், பல உடைப்புகள் நிகழாமலே போகும்.

முன்சக்கரம் ஒன்று கல்லில் மோதும்போது விசை செல்லும் பாதையைத் தொடர்ந்து பார்ப்போம். டயரும் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சும் முதலில் கொஞ்சம் வாங்கிக்கொள்கின்றன. பிறகு ரிம், ஆக்சில், சக்கரத்தைத் தாங்கும் ஹப், அதைத் தாங்கும் A வடிவக் கையான ஏ-ஆர்ம், ஏ-ஆர்மைப் பிடித்திருக்கும் ஹிஞ்ச் பின், அந்தப் பின் செருகப்பட்டிருக்கும் பல்க்ஹெட், கடைசியாக அடிச்சட்டமான சேஸிஸ். இந்தப் பாதையில் ஏ-ஆர்ம்தான் பெரிய நெம்புகோல். அதனால் அதை நைலானில் செய்கிறார்கள். நல்ல நைலான் ஏ-ஆர்ம் மோதலில் வளைந்து, ஆற்றலை வாங்கிக்கொண்டு, மீண்டும் தன் வடிவத்துக்கே திரும்பிவிடும். அலுமினியம் அப்படித் திரும்பாது. ஓர் எல்லைவரை வளையாமல் நிற்கும். எல்லையைத் தாண்டியதும் வளைந்து, வளைந்தபடியே இருந்துவிடும். சற்றே வளைந்த அலுமினிய ஏ-ஆர்ம் கண்ணுக்குத் தெரியாது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவதிலிருந்துதான் தெரியும்.

இதை நான் என் கையாலேயே கற்றுக்கொண்டேன். முன்பக்க நைலான் ஏ-ஆர்ம் இரண்டு முறை உடைந்ததும், பளபளப்பான அலுமினிய ஜோடி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அடுத்த மோதலில் ஏ-ஆர்ம் உடையவில்லை என்று பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் ஹிஞ்ச் பின் வளைந்து, பல்க்ஹெட்டின் ஓரம் பிளந்திருந்தது. ஏ-ஆர்மை மாற்றப் பத்து நிமிடம் போதும். பல்க்ஹெட்டை மாற்ற, இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் முன்பக்க டிஃபரன்ஷியலையே வெளியே எடுக்க வேண்டியிருந்ததால் ஒரு மாலைப் பொழுது முழுவதும் கழிந்தது. பழைய நைலானுக்கே திரும்பினேன். நைலானிலேயே சாதாரண ஏ-ஆர்மைவிடத் தடிமனாகவும் கூடுதல் நெகிழ்வோடும் வார்க்கப்பட்டவை தனியாகக் கிடைக்கின்றன. ஆர்பிஎம் போன்ற தயாரிப்பாளர்கள் இதற்காகவே பெயர் பெற்றவர்கள். மேம்படுத்த விரும்புபவர் செல்ல வேண்டிய திசை அதுதான். நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்போது உறுதி சற்றுக் குறைந்து நெகிழ்வு கூடும். மிகவும் காய்ந்திருந்தாலும், கடுங்குளிரில் இருந்தாலும் எளிதில் நொறுங்கும். புதிய நைலான் பாகங்களைச் சிறிது நேரம் வெந்நீரில் வேகவைத்துப் பிறகு பொருத்தும் வழக்கம் சிலரிடம் இருப்பதற்குக் காரணம் இந்த இயல்புதான்.

அப்படியானால் உலோகத்துக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. வளைந்தால் பிழைப்பது எது, வளைந்தால் கெடுவது எது என்ற கேள்வியை ஒவ்வொரு பாகத்திடமும் கேட்க வேண்டும். மோட்டாரைத் தாங்கும் தகடு வளைந்தால் மோட்டார் தண்டிலுள்ள சிறு பற்சக்கரமான பினியனும், அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான ஸ்பர் கியரும் விலகிப் பற்கள் சிதைந்துவிடும்; மேலும் அந்தத் தகடு மோட்டாரின் சூட்டை இழுத்து வெளியேற்றவும் வேண்டும். ஆகவே அது அலுமினியத்தில் இருப்பதே சரி. அதிர்ச்சியைத் தாங்கும் எண்ணெய்க் குழாயான ஷாக்கின் மூடியும் அப்படித்தான். பிளாஸ்டிக் மூடியின் மரை ஒரு கடினமான இறக்கத்தில் பிய்த்துக்கொண்டால், எண்ணெய் முழுவதும் வெளியேறிவிடும். ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல்கிராங்க், சக்கரத்தைத் தாங்கும் ஹப் ஆகியவற்றில் அசைவு கூடினால் வண்டி நேராக ஓடாது. அவற்றை உலோகத்தில் மாற்றுவதில் நியாயம் உண்டு. ஹப்பை மாற்றுபவர் அதன் உட்புறம் இருக்கும் ஏ-ஆர்மை நைலானிலேயே விட்டுவைத்தால், வரிசை கெடாது. சக்கரத்தைச் சுழற்றும் பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்ட்களுக்குப் பதிலாக, மூட்டு அமைப்புள்ள எஃகு சி.வி.டி. ஷாஃப்ட்களைப் போடுவதும் பயன்தரும் மாற்றமே. ஆனால் அதன் பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியல் அந்த முறுக்கு விசையைத் தாங்குமா என்று பார்த்த பிறகே போட வேண்டும்.

மோட்டாரிலிருந்து சக்கரம் வரையிலான பாதையிலும் இதே தருக்கம்தான். மோதலில் ஏ-ஆர்ம் செய்யும் தியாகத்தை இங்கே ஸ்லிப்பர் கிளட்ச் செய்கிறது. ஸ்பர் கியரோடு சேர்ந்திருக்கும் இந்தச் சிறு கிளட்ச், ஒரு ஸ்ப்ரிங்கும் உராய்வுத் தகடுகளும் சேர்ந்த அமைப்பு. திடீரென்று விசை கூடும்போது சற்று வழுக்கிக்கொடுத்து, பின்னால் இருக்கும் பற்சக்கரங்களைக் காப்பாற்றுகிறது. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலைக்கு ஒப்பானது இது. அதை முழுவதுமாக இறுக்கிவிட்டால் ஃபியூஸ் இருந்த இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றியதாகிவிடும். தளர்த்தி விட்டாலோ தகடுகள் உராய்ந்து சூடேறி, ஸ்பர் கியரின் பிளாஸ்டிக் நடுப்பகுதியே உருகிவிடும். நட்டை முழுவதும் இறுக்கி, பிறகு கையேட்டில் சொல்லியபடி அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்றுவரை தளர்த்துவது தொடக்க நிலை. நல்ல பிடிப்புள்ள தரையில் நின்ற நிலையிலிருந்து முழு த்ராட்டில் கொடுத்தால், முதல் அரை மீட்டர் தூரம் மட்டும் மெல்லிய முனகல் கேட்டு, பிறகு ஓசை அடங்க வேண்டும். தொடர்ந்து கேட்டால் தளர்வு. கேட்கவே இல்லை என்றால் இறுக்கம்.

ஸ்லிப்பரைச் சரியாக வைத்தாலும் அதைத் தோற்கடிக்கும் ஓட்டுநர் பழக்கம் ஒன்று உண்டு. மேட்டிலிருந்து துள்ளி, காற்றில் இருக்கும்போது த்ராட்டிலை முழுவதும் அழுத்தியபடியே தரையிறங்குவது அது. காற்றில் தடையின்றிச் சுழலும் சக்கரங்கள் மிகுந்த வேகத்தை எட்டியிருக்கும். தரையைத் தொட்ட கணத்தில் அவை வண்டியின் வேகத்துக்குக் குறைந்தாக வேண்டும். அந்த அதிர்ச்சி முழுவதையும் டிரைவ் ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலும் வாங்கிக்கொள்கின்றன. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் விரலைத் தளர்த்தப் பழகியவரின் டிஃபரன்ஷியல், அப்படிப் பழகாதவரின் டிஃபரன்ஷியலைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும்.

பினியனும் ஸ்பர் கியரும் சேரும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புதிதாக மோட்டாரை மாற்றியவர்கள் எதிர்கொள்ளும் பழுதுகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பற்களின் அளவைப் 'பிட்ச்' என்றோ 'மாட்யூல்' என்றோ குறிப்பிடுவார்கள். 48 பிட்ச் பற்கள் சிறியவை, ஓசை குறைவு. 32 பிட்ச் பற்கள் பெரியவை, வலிமை கூடுதல். மாட்யூல் 1 அதைவிடவும் பெரியது. 32 பிட்ச்சை மாட்யூலாகக் கணக்கிட்டால் 0.794 வரும் என்பதால், மாட்யூல் 0.8 பற்சக்கரத்தோடு அது ஒத்துப்போகும். 48 பிட்ச்சையும் 32 பிட்ச்சையும் கலந்து போட்டால் சில நொடிகளில் ஸ்பர் கியர் மொட்டையாகிவிடும். மோட்டாரின் தண்டு 3.17 மில்லிமீட்டரா 5 மில்லிமீட்டரா என்பதையும் பார்த்தே பினியன் வாங்க வேண்டும்.

இரண்டையும் பொருத்தும்போது மிக நெருக்கினால் உராய்வும் சூடும் மிகுந்து மோட்டாரின் பேரிங் தேயும். மிக விலக்கினால் பல்லின் நுனி மட்டும் பிடித்துச் சிதையும். பழைய வழி ஒன்றே இன்றும் சிறந்தது. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை இரண்டு பற்சக்கரங்களுக்கும் இடையில் கொடுத்து, மோட்டாரை நெருக்கிப் பிடித்துத் திருகுகளை இறுக்கி, பிறகு காகிதத்தைச் சுழற்றி எடுத்துவிட வேண்டும். காகிதம் கிழியாமல், மடிப்புத் தடங்களோடு வெளிவந்தால் இடைவெளி ஏறக்குறைய சரி. அத்தோடு நிறுத்திவிடக் கூடாது. பிளாஸ்டிக் ஸ்பர் கியர் துல்லியமான வட்டமாக இருப்பது அரிது. ஆகவே அதைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, எல்லா இடத்திலும் விரலால் அசைத்துப் பார்த்து, மிக இறுக்கமான இடத்திலும் நூலிழை அசைவு இருக்கும்படி அமைக்க வேண்டும். பினியனைப் பிடிக்கும் தலையில்லாத சிறு திருகான கிரப் ஸ்க்ரூ, தண்டின் தட்டையான பகுதியின் மேல் அமர்ந்திருக்க வேண்டும். வட்டமான பகுதியில் அமர்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நாள் வழுக்கும். கடைசியாக, பற்சக்கர மூடியை மறக்காமல் பொருத்த வேண்டும். பயறளவு கல் ஒன்று உள்ளே புகுந்தால் போதும், அதுவரை செய்த வேலை முழுவதும் வீணாகும்.

பற்சக்கர விகிதம் வேகத்துக்கான கருவியாகவே பேசப்படுகிறது. உண்மையில் அது வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. பெரிய பினியன் போட்டால் ஒவ்வொரு சுழற்சிக்கும் வண்டி கூடுதல் தூரம் போக வேண்டும். மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். கம்பிச்சுருளில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். டயரை மாற்றுவதும் பற்சக்கரத்தை மாற்றுவதற்குச் சமம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 10 சதவீதம் விட்டம் கூடிய டயர், 10 சதவீதம் பெரிய பினியனைப் போட்டதற்கு ஒப்பான சுமையைத் தரும். இரண்டு செல்லிலிருந்து மூன்று செல்லுக்குப் போகிறவர் பினியனில் சில பற்களைக் குறைத்துக்கொண்டாக வேண்டும். அடர்ந்த புல்லில் ஓட்டுகிறவர் இன்னும் குறைக்க வேண்டும்.

ஊகத்துக்கு இங்கே இடமில்லை, அளந்து பார்க்கலாம். கையடக்கமான அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று, எந்த அலுமினிய பாகத்தையும்விட வண்டியின் ஆயுளைக் கூட்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிய பினியனோ டயரோ போட்ட பிறகு ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மோட்டாரின் மேற்பரப்பை அளக்க வேண்டும். அது 80 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்படி வைத்துக்கொள்வது பாதுகாப்பான பழக்கம். கார்பன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரின் சுழலியில் இருக்கும் நியோடைமியம் காந்தங்களில் சாதாரண வகை ஏறத்தாழ அந்த வெப்பநிலையைத் தாண்டும்போதே நிரந்தரமாக வலுவிழக்கத் தொடங்குகிறது. உயர்வெப்ப வகைகள் அதைவிடத் தாங்கும் என்றாலும், வெளியே அளக்கும் சூட்டைவிட உள்ளே இருக்கும் சூடு அதிகம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காந்தம் வலுவிழந்த மோட்டார் அதே விசைக்கு மேலும் மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் மேலும் சூடாகும். ஒருமுறை மிகையாகச் சூடான மோட்டார் பிறகு எப்போதும் சூடாகவே ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறு விசிறியைப் பொருத்துவது உதவும். ஆனால் தவறான பினியனுக்கு விசிறி பரிகாரம் ஆகாது.

பேட்டரியில் நினைவில் வைக்க வேண்டிய எண்கள் மிகச் சில. லைப்போ செல் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதாக ஏற்றினால் 4.2 வோல்ட், சும்மா வைத்திருக்கும்போது 3.8 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 3 வோல்ட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. முழுதாக ஏற்றி வாரக்கணக்கில் அலமாரியில் வைத்திருப்பது, ஓட்டித் தேய்ப்பதைவிட வேகமாகப் பேட்டரியைக் கெடுக்கும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இ.எஸ்.சி. பலவற்றில் நிக்கல் பேட்டரிக்கு ஒரு நிலையும் லைப்போவுக்கு ஒரு நிலையும் இருக்கும். நிக்கல் நிலையில் லைப்போவை ஓட்டினால், குறைந்த அழுத்தத்தில் நிறுத்தும் பாதுகாப்பு வேலை செய்யாமல் போகும். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை 5 ஆம்பியரில், செல்களைச் சமப்படுத்தும் பேலன்ஸ் நிலையில் ஏற்றுவதே நெறி. உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பேட்டரி தீப்பிடிக்காத பரப்பின் மேல் இருக்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் வீட்டையே எரிக்கக்கூடிய பொருள் இது ஒன்றுதான் என்பதால், இதில் மட்டும் சலுகை கூடாது.

பேட்டரியையும் இ.எஸ்.சி.யையும் இணைக்கும் கனெக்டரும் கவனிக்கத்தக்கது. பழைய வெள்ளை டமியா கனெக்டர் மென்மையான மோட்டார்களுக்கு உரியது. பிரஷ்லெஸ் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் அது சூடாகி உருகிவிடும். கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும் எக்ஸ்டி60 கனெக்டர் அல்லது அதற்கு நிகரானதை நன்றாகச் சாலிடர் செய்து போட வேண்டும். பேட்டரியின் பக்கத்துக் கனெக்டரை மாற்றும்போது இரண்டு கம்பிகளையும் ஒரே வெட்டில் வெட்டக் கூடாது. கத்தரியின் உலோகமே இரண்டையும் இணைத்துத் தீப்பொறியை எழுப்பிவிடும். ஒன்றை வெட்டி, சாலிடர் செய்து, மூடிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான ஸ்டியரிங் சர்வோவை மாற்றுவது மிகவும் பரவலான மேம்பாடு. தயாரிப்பாளர் கொடுக்கும் சர்வோவில் பெரும்பாலும் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் இருக்கும். கனமான டயர்களைத் திருப்பும்போது அவை உடையும். 15 அல்லது 20 கிலோகிராம்-சென்டிமீட்டர் விசையுள்ள, உலோகப் பற்சக்கரம் கொண்ட சர்வோவை வாங்கிப் போட்டதும், வண்டி நன்றாகத் திரும்புகிறது. ஆனால் சில நாள்களில் புதிதாக ஒரு நோய் வருகிறது. வேகமாகத் திருப்பிக்கொண்டே த்ராட்டில் கொடுக்கும்போது வண்டி ஓரிரு நொடி செயலற்றுப் போகிறது, பிறகு தானாகவே உயிர்பெறுகிறது. 'ரேடியோ சிக்னல் விட்டுப்போகிறது' என்று எண்ணி ரிசீவரை மாற்றுகிறார்கள், டிரான்ஸ்மிட்டரையே மாற்றுகிறார்கள். நோய் அங்கே இல்லை. ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தருவது இ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.இ.சி. எனப்படும் சிறு சுற்று. சிறிய இ.எஸ்.சி.களில் அது 2 அல்லது 3 ஆம்பியர் மட்டுமே கொடுக்க வல்லது. புதிய சர்வோ ஒரு தடையை எதிர்த்துத் திருப்பும்போது அதைவிட அதிகம் கேட்கிறது, மின்னழுத்தம் சரிகிறது, ரிசீவர் அணைந்து மீண்டும் தொடங்குகிறது. தனியாக ஒரு பி.இ.சி.யைப் பொருத்திச் சர்வோவுக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துவிட்டால் நோய் தீர்ந்துவிடும். மிதமான குறைபாட்டுக்கு ரிசீவரின் காலியான இடத்தில் ஒரு மின்தேக்கியைச் செருகுவதே போதுமானதாக இருக்கும்.

சர்வோவோடு சேர்த்து, அதன் கையில் இருக்கும் ஸ்ப்ரிங் அமைப்பான சர்வோ சேவரை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. திருப்பம் கூர்மையாகும் என்பது அவர்கள் வாதம். பாறைகளில் மெதுவாக ஏறும் க்ராலர் வகை வண்டிகளில் அது பொருந்தலாம். வேகமாக ஓடும் ட்ரக்கில் சேவரை எடுப்பது, சக்கரத்தில் விழும் ஒவ்வொரு அடியையும் சர்வோவின் பற்களுக்கே அனுப்பிவைப்பதாகும். சக்கரம் முழுவதும் திரும்பிய பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டே இருக்காதபடி, டிரான்ஸ்மிட்டரில் இரு பக்க எல்லைகளையும் அமைத்துக்கொள்வதும் அவசியம். சிக்னல் உண்மையிலேயே விட்டுப்போனால் த்ராட்டில் நடுநிலைக்கு வரும்படி ஃபெயில்சேஃபை அமைத்து, சக்கரங்களைத் தரையில் படாமல் உயர்த்தி வைத்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஓட்டத் தொடங்கும்போது டிரான்ஸ்மிட்டர் முதலில், வண்டி பிறகு. முடிக்கும்போது வண்டி முதலில், டிரான்ஸ்மிட்டர் பிறகு.

பேரிங்குகளைப் பற்றி யாரும் ஆர்வமாகப் பேசுவதில்லை. ஆயினும் ஒரு சக்கரத்தின் பேரிங் நின்றுபோனால் ஆக்சில் சூடேறி, அதைத் தாங்கும் பிளாஸ்டிக் ஹப் உருகி, சக்கரமே ஆடத் தொடங்கும். விலை குறைந்த வண்டிகளில் பேரிங்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் அல்லது வெண்கலப் புஷ் இருந்தால், முதல் மேம்பாடாக அவற்றையே மாற்ற வேண்டும். 1/10 வண்டிகளில் 5×11×4 மில்லிமீட்டர் அளவு மிகவும் பொதுவானது. ரப்பர் மூடியுள்ள பேரிங் சேற்றையும் நீரையும் நன்றாகத் தடுக்கும். உலோக மூடியுள்ளது சற்று எளிதாகச் சுழலும், ஆனால் தூசியை உள்ளே விடும். மண்ணில் ஓட்டுகிறவருக்கு ரப்பர் மூடியே ஏற்றது. சோதிப்பதற்குக் கருவி வேண்டாம். பேரிங்கை விரல் நுனியில் மாட்டிச் சுழற்றினால், கரகரப்பை விரலே உணர்ந்துகொள்ளும்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று பெட்டியில் எழுதியிருப்பது மின்னணுப் பாகங்களைக் குறிக்கிறது. பேரிங், ஹிஞ்ச் பின், மோட்டாரின் தண்டு ஆகியவை எஃகு. நீர் பட்டால் துருப்பிடிக்கும். தண்ணீரில் ஓட்டிய அன்றே சக்கரங்களைக் கழற்றி, அழுத்தக் காற்றாலோ துணியாலோ ஈரத்தை அகற்றி, பேரிங்குகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பேரிங் இறுகிப்போயிருக்கும். பிரஷ் மோட்டார் நீரில் ஓடினாலும் கார்பன் பிரஷ்கள் வேகமாகத் தேயும். கடல்நீரில் மட்டும் எந்த வண்டியையும் விடக் கூடாது. டயருக்குள் புகுந்த நீர் ஸ்பாஞ்சில் தங்கிச் சக்கரத்தின் சமநிலையைக் கெடுக்கும். அதை வெளியேற்ற டயரின் நடுவே ஓரிரு சிறு துளைகள் இடுவது வழக்கம்.

ஷாக்குகளிலும் டிஃபரன்ஷியலிலும் இருப்பது சிலிக்கோன் எண்ணெய். ஷாக் எண்ணெயின் தடிப்பை 'வெயிட்' என்ற அளவில் எழுதுவார்கள். ஒரு தயாரிப்பாளரின் 30 வெயிட்டும் இன்னொருவரின் 30 வெயிட்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே தடிப்பின் அலகான சென்டிஸ்டோக் அளவைப் பார்த்து வாங்குவதே நம்பத்தக்கது. பெட்ரோலியம் சார்ந்த எண்ணெயையோ கிரீஸையோ ஷாக்கின் ஓ-ரிங்கில் தடவினால் சில வகை ரப்பர்கள் ஊதிப்போய்க் கசியத் தொடங்கும். எண்ணெய் சாம்பல் நிறமாக மாறியிருந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. புதிய வண்டியின் டிஃபரன்ஷியலைத் திறந்து பார்ப்பதும் பயனுள்ளது; உள்ளே கிரீஸ் பெயரளவுக்கே தடவப்பட்டிருப்பதை நான் ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன். பல்லாயிரம் சென்டிஸ்டோக் தடிப்புள்ள எண்ணெயை நிரப்பினால் பற்களும் காக்கப்படும், ஒரு சக்கரம் மட்டும் காற்றில் வீணாகச் சுழல்வதும் குறையும்.

திருகுகள் தளர்வதுதான் எல்லாப் பழுதுகளுக்கும் தாய் என்று சொன்னால் மிகையாகாது. மோட்டார் அதிர்கிறது, தரை அதிர்விக்கிறது. உலோகத்துக்குள் செல்லும் உலோகத் திருகு மெல்லக் கழன்றுவிடும். நீல நிற த்ரெட்லாக் பசையில் ஒரு சொட்டு அதைத் தடுக்கும். திருகிலும் மரையிலும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் போட்டால்தான் பிடிக்கும். சிவப்பு நிறப் பசை நிரந்தரப் பிணைப்புக்கானது. கடுமையாகச் சூடாக்கினால்தான் கழலும் என்பதால் இங்கே வேண்டாம். பிளாஸ்டிக்கினுள் செல்லும் திருகுக்கு எந்த த்ரெட்லாக்கும் கூடாது. சில பிளாஸ்டிக்குகளில் அது வெடிப்பை உண்டாக்கும். பிளாஸ்டிக்கில் திருகைத் திரும்பப் பொருத்தும்போது முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்பி, பழைய மரையில் அது விழும் சிறு 'டிக்' உணர்வு வந்த பிறகே இறுக்க வேண்டும். கருவியிலும் சிக்கனம் கூடாது. 1.5, 2, 2.5 மில்லிமீட்டர் அளவுகளில் கடினப்படுத்திய எஃகு முனையுள்ள ஹெக்ஸ் டிரைவர்கள் மூன்று இருந்தால் பெரும்பாலான வேலைகள் முடியும். மலிவான அலன் கீ திருகின் தலையை மொழுக்கிவிடும். டமியா வண்டிகளின் கூட்டல்குறித் திருகுகள் ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். வகை, சாதாரண ஃபிலிப்ஸ் டிரைவர் அவற்றில் சரியாக அமராது.

பாலிகார்பனேட் உடலின் உட்புறத்தில், வளைவுகளிலும் துளைகளின் ஓரங்களிலும் சுவர் வேலைக்குப் பயன்படும் வலைநாடாவை ஒட்டி, நெகிழ்வான ரப்பர்ப் பசையைப் பூசிவிட்டால் விரிசல் பரவாது. உடலைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட வேண்டியதில்லை.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் கையும் காதும் செய்யும் வேலை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டு, நான்கு சக்கரங்களையும் பிடித்து ஆட்டிப் பார்த்து, சக்கர நட்டுகளைத் தொட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வாரம் ஒருமுறையோ, பத்துப் பன்னிரண்டு பேட்டரி ஓட்டிய பிறகோ, பினியனை விலக்கி வைத்துவிட்டு வண்டியைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். மோட்டாரின் தடை இல்லாதபோது, டிஃபரன்ஷியலில் ஒரு பல் உடைந்திருந்தால் அதன் தட்டல் தெளிவாகக் கேட்கும். தேய்ந்த பேரிங்கின் கரகரப்பும் கேட்கும். ஒரு சிறு நோட்டில் தேதி, பினியனின் பற்கள், டயர், அளந்த வெப்பநிலை, உடைந்த பாகம் என்று எழுதிவைத்தால் சில மாதங்களில் ஒரு பாங்கு தெரியத் தொடங்கும். ஒரே பாகம் மூன்றாம் முறை உடைந்திருந்தால், அதைவிட வலிமையானதைத் தேடுவதற்கு முன்னால், அது எதைக் காப்பாற்றிக்கொண்டு உடைகிறது என்று பார்க்க வேண்டும்.

உதிரிப் பெட்டியை நிரப்புவதற்கும் அந்த நோட்டே வழிகாட்டி. என் பெட்டியில் முன்பக்க ஏ-ஆர்ம் ஒரு ஜோடி, ஹிஞ்ச் பின்கள் நான்கு, ஸ்பர் கியர் இரண்டு, 5×11×4 பேரிங்குகள் ஒரு பொட்டலம், ஷாக்கின் ஓ-ரிங்குகள், சக்கர நட்டுகள், சர்வோ சேவரின் ஸ்ப்ரிங் ஒன்று ஆகியவை எப்போதும் இருக்கும். பல்க்ஹெட் ஒன்றையும் முன்னர் வாங்கி வைத்தேன். நைலானுக்குத் திரும்பிய பிறகு அதன் உறையை இன்னும் பிரிக்கவில்லை.